பழைய கொம்பியூட்டர் ஏன் தன் செட்டிங்கை மறக்கிறது?

காலையில் சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் வருவதற்குப் பதிலாகக் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ‘சிமோஸ் செக்சம் எரர், டிஃபோல்ட்ஸ் லோடட்’ என்று ஒரு வரி. அதன் கீழே, தொடர எஃப்1, செட்டப்புக்குப் போக டிலீட் என்று இன்னொரு வரி. எஃப்1 ஐ அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் ஓடத் தொடங்கும். ஆனால் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று கிடக்கும். பிரௌசரைத் திறந்தால் மின்னஞ்சலும் போகாது, வங்கிப் பக்கமும் போகாது. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று மறித்துவிடும்.

பத்துப் பதினைந்து வருடப் பழைய டெஸ்க்டாப்பை இன்னும் பாவிக்கிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகவில்லை. பெரும்பாலும் மதர்போர்ட்டில் இருக்கிற ஒரு சின்ன வட்டப் பற்றரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பற்றரியை மாற்றிய பிறகும் விண்டோஸ் வராமல் நீலத் திரையில் நிற்பதும் உண்டு. அந்த இடத்தில்தான் பலர் தேவையில்லாமல் காசையும், சில வேளை படங்களையும் கோப்புகளையும் இழக்கிறார்கள். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எது அழிகிறது, எது அழிவதில்லை

பயோஸ் என்பது கொம்பியூட்டர் உயிர்பெற்றவுடன் முதலில் ஓடுகிற புரோகிராம். கீபோர்ட், ராம், டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு விண்டோஸைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைப்பது இதுதான். இந்தப் புரோகிராம் மதர்போர்ட்டில் ஒரு ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியே இருக்கும்.

எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது, டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது, இன்று என்ன தேதி என்ற விவரங்கள் இருப்பது வேறு இடத்தில். சிமோஸ் என்று சொல்லப்படும் மிகச் சிறிய நினைவகம் அது. அதற்கு எப்போதும் ஒரு சொட்டு மின்சாரம் வேண்டும். கடைப் பலகையில் கடையின் பெயர் பெயின்டில் இருக்கும், அன்றைய மீன் விலை சோக்கில் எழுதியிருக்கும். மழை பெய்தால் போவது சோக்கில் எழுதியது மட்டும். அதேபோல் பற்றரி தீர்ந்தால் போவது செட்டிங் மட்டும், பயோஸ் அல்ல. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள உங்கள் கோப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1981 இல் வந்த ஐபிஎம் பிசியில் இப்படி ஒரு நினைவகமே இருக்கவில்லை. போர்ட்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் செட்டிங் வைத்தார்கள். தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு முறையும் டைப் பண்ண வேண்டியிருந்தது. 1984 இல் வந்த ஐபிஎம் ஏடி மாடலில்தான் மோட்டொரோலாவின் ஒரு மணிக்கூட்டுச் சிப்பைப் பற்றரியோடு சேர்த்து வைத்தார்கள். அதில் மொத்தமே 64 பைட். 14 பைட் மணிக்கூட்டுக்கு, மீதி 50 பைட் செட்டிங்குக்கு. பின்னால் அளவு கூடினாலும் அடிப்படை மாறவில்லை. அதனால்தான் பற்றரி போனால் தேதியும் செட்டிங்கும் ஒன்றாகப் போகின்றன: இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

மணிக்கூட்டை ஓட்டுவது ஒரு சின்னக் குவார்ட்ஸ் கிறிஸ்டல். ஒரு வினாடிக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பதினைந்து தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக ஒன்று வரும். கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதே வகைக் கிறிஸ்டல்தான்.

சரி, அந்த ‘செக்சம் எரர்’ என்றால் என்ன? செட்டிங்கைச் சேமிக்கும்போது பயோஸ் அந்தப் பைட்டுகளையெல்லாம் கூட்டி, வந்த மொத்தத்தையும் பக்கத்தில் எழுதி வைக்கும். அடுத்த முறை தொடங்கும்போது திரும்பக் கூட்டிப் பார்க்கும். கணக்கு இடித்தால், எந்தப் பைட் பிழை என்று அதற்குத் தெரியாது. அதனால் எதையுமே நம்பாமல், தொழிற்சாலையில் எழுதி அனுப்பிய பொதுச் செட்டிங்கை எடுத்துக்கொள்ளும். ‘டிஃபோல்ட்ஸ் லோடட்’ என்பது அதைத்தான் சொல்கிறது. தேதியும் தொழிற்சாலைத் தேதிக்குப் போய்விடும். பெரும்பாலும் அந்தப் போர்ட்டின் பயோஸ் எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய ஒரு ஜனவரி 1.

பிந்திய காலத்தில் பயோஸின் இடத்துக்கு வந்த புதிய வகை, யுஇஎஃப்ஐ. அந்த வகைப் போர்ட்டுகள் பல செட்டிங்கை ஃபிளாஷிலேயே எழுதி வைக்கின்றன. அவற்றில் பற்றரி தீர்ந்தால் நேரம் மட்டும் போகக்கூடும்.

சுவர் சுவிட்சும் பற்றரியும்

கொம்பியூட்டரை ஷட் டவுன் செய்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தால் பவர் சப்ளை முற்றாக உறங்குவதில்லை. 5 வோல்ட் மின்சாரம் ஒன்றை மதர்போர்ட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மணிக்கூட்டுச் சிப் அந்த நேரமெல்லாம் அதைக் குடித்துத்தான் ஓடும். பற்றரிக்கு வேலையே இல்லை. சுவர் சுவிட்சை நிறுத்திய கணத்தில்தான் பற்றரி பொறுப்பெடுக்கிறது.

இந்தப் பற்றரியில் ஏறத்தாழ 225 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். சிப் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். 5 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 45,000 மணி நேரம் வரும், அதாவது ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். சுவிட்சை எப்போதும் போட்டே வைத்திருப்பவருக்கு அதைவிடப் பல வருடம் ஓடும்.

கொழும்பில் நாங்கள் அப்படி வைப்பதில்லை. கரண்ட் பில்லை நினைத்து நிறுத்துகிறோம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுகிறோம். மின்வெட்டும் இதே கணக்கில்தான் சேரும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நேரமெல்லாம் பற்றரியின் தலையில்தான் விழுந்தது. பிள்ளைக்கு லப்டொப் வாங்கிய பிறகு அலுமாரிக்குப் பக்கத்தில் மூடிவைத்த டெஸ்க்டாப்புக்கும் அதே கதி. இரண்டு மூன்று வருடம் கழித்துத் தூசி தட்டிப் போட்டால் 2009 ஜனவரி 1 இல் விழிக்கும்.

அதற்காகச் சுவிட்சைப் போட்டே வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். மின்னல் அடித்தால் போவது மதர்போர்ட். பற்றரி அற்ப விலைப் பொருள். நிறுத்துகிற பழக்கம் நல்ல பழக்கம்தான். பற்றரி சற்று முந்தித் தீரும் என்பதை எதிர்பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மையில் பற்றரிதானா?

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தொடங்கும்போது டிலீட்டைத் தட்டி பயோஸின் செட்டப்புக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து, விண்டோஸ் வந்ததும் ரீஸ்டார்ட் மட்டும் செய்யுங்கள். செட்டிங் நின்றால் சிப் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் நிறுத்தி, ஓர் இரவு விடுங்கள். காலையில் போயிருந்தால் பற்றரிதான். ரீஸ்டார்ட்டிலேயே போய்விட்டது என்றால் பற்றரியைக் குறை சொல்ல முடியாது. சேமிக்காமல் வெளியே வந்திருக்கலாம், அல்லது கீழே சொல்லப்போகிற ஜம்பர் இடம் மாறியிருக்கலாம்.

நேரம் எப்படிப் பிழைக்கிறது என்பதும் ஒரு தடயம். பழைய ஜனவரி 1 க்கே திரும்பத் திரும்பப் போனால் பற்றரி முழுதாகத் தீர்ந்திருக்கிறது. தேதி சரியாக இருந்து, நிறுத்தி வைத்த மணித்தியாலங்களை மட்டும் தவறவிட்டால் அது சாகப்போகிற பற்றரி.

பிழை சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் பற்றரியைத் தொடவே வேண்டாம். ஒரே கொம்பியூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இது வரும். விண்டோஸ் போர்ட்டின் மணிக்கூட்டில் இலங்கை நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். இடைவெளி நமது ஐந்தரை. சரியாக அரை மணித்தியாலம் முந்திப் போகிறது என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. அதன் பிறகுதான் ஐந்தரைக்குத் திரும்பினோம். அப்டேட் காணாத பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இது தெரியாது. இணையத்தில் சரியான நேரத்தை எடுத்தும் அரை மணி கூட்டித்தான் காட்டும்.

மல்டிமீற்றர் இருந்தால் 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றரியின் மேற்பக்கத்திலும் கறுப்பை அடிப்பக்கத்திலும் தொடுங்கள். 3 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் நல்லது. 2.8 க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். மீற்றர் இல்லையென்றால் அதற்காக ஒன்று வாங்கத் தேவையில்லை. புதுப் பற்றரியைப் போட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை.

பற்றரி மாற்றுவது

கேட்டு வாங்க வேண்டியது சிஆர்2032. எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2. சிஆர்2025, சிஆர்2016 இரண்டும் அதே வட்டம்தான், ஆனால் மெல்லியவை. கூட்டுக்குள் தளர்ந்து கிடந்து தொட்டும் தொடாமலும் இருக்கும். எல்ஐஆர்2032 என்று இருந்தால் அது சார்ஜ் செய்கிற வகை, வோல்ட் கூட, வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ தேடலாம். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, காலி வீதியில் மணிக்கூடு திருத்துகிற கடையில் கேட்டாலே கிடைக்கும். கார்ச் சாவிக்கும் எடை பார்க்கும் தராசுக்கும் இதே பற்றரிதான். மூடிய பக்கெற்றில், திகதி போட்டதாக வாங்குங்கள். லாச்சியில் சில்லறையோடு கிடக்கிற உதிரிப் பற்றரி எவ்வளவு காலம் அங்கே கிடந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை நிறுத்தி, பின்பக்க வயரையும் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கும். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மூடியைத் திறந்து, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பளபளக்கிற காசு போன்றது கண்ணில் படும். விளிம்பில் ஒரு சின்ன உலோகக் கொக்கி இருக்கும். நகத்தால் அதை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பற்றரி தானாக எம்பி வரும். ஸ்குரூ டிரைவரால் கிண்ட வேண்டாம், வழுக்கினால் போர்ட்டில் கோடு விழும். புதியதைக் கூட்டல் குறியும் எழுத்தும் மேலே தெரிய வைத்து, ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோர ரயில் பாதைக்கு அருகே வீடு என்றால் கூட்டின் அடியையும் பாருங்கள். உப்புக் காற்றில் அந்த உலோக நாக்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அந்தப் பூப்பு இருந்தால் புதுப் பற்றரியும் பழையது மாதிரித்தான் நடக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிடுங்கள்.

பற்றரிக்குப் பக்கத்தில் மூன்று ஊசிகளும், அவற்றில் இரண்டை மூடியபடி ஒரு பிளாஸ்ரிக் தொப்பியும் இருக்கலாம். போர்ட்டில் ‘கிளியர் சிமோஸ்’ என்று சுருக்கமாக எழுதியிருக்கும். அதுதான் ஜம்பர். பெரும்பாலும் முதல் இரண்டு ஊசியில் இருந்தால் சாதாரண நிலை. அடுத்த இரண்டில் இருந்தால் அழிக்கும் நிலை. யாராவது அழிப்பதற்காக மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருந்தால் எத்தனை பற்றரி போட்டாலும் நிற்காது.

கழற்றிய பற்றரியை மேசையில் விடாதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் சில மணித்தியாலத்துக்குள் தொண்டைக் குழாயை எரித்துவிடும். அப்படி நடந்தால் வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்பது, மலத்தோடு போகும் என்று காத்திருப்பது எல்லாம் வேண்டாம். உடனே பொரளையில் உள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய வைத்தியசாலைக்கோ கொண்டுபோக வேண்டும். தீர்ந்த பற்றரியின் இரண்டு பக்கமும் டேப் சுற்றி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை

பற்றரி புதியது என்பதற்காகப் பழைய செட்டிங் திரும்பி வராது. போனது போனதுதான். நீங்கள்தான் திரும்ப வைக்க வேண்டும். டிலீட் அல்லது எஃப்2 ஐத் தொடர்ந்து தட்டி பயோஸுக்குள் போங்கள். முதலில் தேதி. அங்கே அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால், நாள் பின்னால். மார்ச் 4 ஐ வைக்கப்போய் ஏப்ரல் 3 ஐ வைத்துவிடுவது எளிது.

அடுத்தது டிஸ்க்கோடு பேசும் முறை. இந்த ஒன்றில்தான் நிதானம் வேண்டும். ‘சாட்டா மோட்’ என்றோ ‘சாட்டா கொன்ஃபிகரேஷன்’ என்றோ ஒரு வரி இருக்கும். அதில் ஐடிஇ, ஏஎச்சிஐ, சில போர்ட்டில் ரெய்ட் என்று தெரிவுகள். ஐடிஇ பழைய முறை, ஏஎச்சிஐ புதியது. விண்டோஸ் 7 போன்றவை நிறுவும்போது எந்த முறை இருந்ததோ அதற்குரிய டிரைவர் என்கிற சின்னப் புரோகிராமோடுதான் எழும்பப் பழகியிருக்கும். அந்தக் காலத்துப் போர்ட் பலவற்றில் தொழிற்சாலைச் செட்டிங் ஐடிஇ. உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐயில் நிறுவப்பட்டது என்று வையுங்கள். பற்றரி தீர்ந்து செட்டிங் ஐடிஇக்குப் போனால், விண்டோஸ் அடையாளப் படம் வந்த மறுகணம் நீலத் திரை. அடியில் ஒரு நீண்ட எண், முடிவில் 7பி என்று இருக்கும். தொடங்கவேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இந்தத் திரையோடு கடைக்குக் கொண்டுபோனால் “விண்டோஸ் போயிட்டுது தம்பி, ஃபோமற் பண்ணித்தான் போடவேணும்” என்று சொல்பவர்களும் உண்டு. விண்டோஸ் எங்கும் போகவில்லை. பயோஸில் ஐடிஇ இருந்தால் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள், ஏஎச்சிஐ இருந்தால் ஐடிஇக்கு. சேமித்து வெளியே வாருங்கள். பெரும்பாலும் நேராக விண்டோஸ் வரும். எது முன்பு இருந்தது என்று ஞாபகம் இல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்க்கலாம், அதனால் டிஸ்க்கில் எதுவும் அழியாது. ரெய்ட் மட்டும் வேறு விஷயம். இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டில் வைத்திருந்த கொம்பியூட்டர் என்றால் அதே ரெய்டுக்குத் திருப்புங்கள். புதிதாக அமைக்கவா, டிஸ்க்கைத் தயார் பண்ணவா என்று எது கேட்டாலும் ஆம் என்று சொல்லாதீர்கள்.

நீலத் திரைகூட வராமல், ‘சரியான பூட் டிவைஸைத் தெரிவு செய்’ என்ற கருத்தில் ஆங்கில வரி நின்றால் அது எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசைப் பிரச்சினை. இரண்டு டிஸ்க் உள்ள கொம்பியூட்டரில் விண்டோஸ் இல்லாத டிஸ்க்கை பயோஸ் முதலில் பிடித்திருக்கும். சில பயோஸில் இதற்கு இரண்டு இடம் உண்டு: ஹார்ட் டிஸ்க்கா சிடியா என்பது ஓரிடத்தில், எந்த ஹார்ட் டிஸ்க் என்பது இன்னோரிடத்தில். இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால் முதலாவதை எத்தனை தடவை மாற்றினாலும் பலன் இருக்காது. யுஎஸ்பி பென் செருகியிருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

‘ஃபிளொப்பி டிஸ்க் ஃபெயில் 40’ என்று வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இல்லாத ஃபிளொப்பியைத் தேடுகிறது. முதல் பக்கத்தில் ‘டிரைவ் ஏ’ என்பதை ‘நன்’ என்று வைத்தால் சரி. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் போட்டிருந்து படமே வராவிட்டால், மொனிட்டர் வயரைப் போர்ட்டின் சொந்தத் துளையில் மாட்டிப் பாருங்கள். இன்னொன்று: கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை ‘ஒஃப்’ இல் வையுங்கள். மின்வெட்டு முடிந்து கரண்ட் வருகிற அந்த முதல் நிமிடத்தில்தான் அது கூடிக் குறைந்து ஆடும். அந்த நேரம் கொம்பியூட்டர் தானாக எழும்பி நிற்பது நல்லதல்ல.

மற்றதெல்லாம் டிஃபோல்ட்டிலேயே இருக்கட்டும். எஃப்10 அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பற்றரி தீரும்போது ஊகிக்கத் தேவையில்லை.

விண்டோஸுக்குள் வந்த பிறகு வங்கிப் பக்கமும் தானாகத் திறக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லுபடி என்று எழுதியிருக்கிறது. 2009 இல் நிற்கிற கொம்பியூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், அதனால்தான் மறித்தது. இணையத்தில் இருந்தால் விண்டோஸே நேரத்தைத் திருத்திக்கொள்ளுமே என்று கேட்கலாம். சில நிமிட வித்தியாசத்தைத் திருத்தும். வித்தியாசம் 15 மணித்தியாலத்துக்கு மேல் போனால், சாதாரண வீட்டுக் கொம்பியூட்டரில் அதைத் தானாகத் தொடாது. அதனால் தேதியைக் கையால் கிட்டத்தட்டச் சரியாக வைக்க வேண்டும்.

புதுப் பற்றரி போட்டு, ஜம்பரும் கூடும் சரியாக இருந்தும் சில வாரத்தில் திரும்ப மறந்தால், பற்றரியைக் கழற்றி அளந்து பாருங்கள். அதற்குள் 2.8 க்குக் கீழே இறங்கியிருந்தால் போர்ட்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது. பழைய போர்ட்டில் அதைத் தேடித் திருத்துவது அனேகமாக லாபமில்லை. காலையில் எஃப்1 அழுத்தி, படத்தைப் பார்த்துச் செட்டிங்கை வைத்து ஓட்டலாம். ஆனால் அந்த வாரத்துக்குள் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை வேறொரு டிஸ்க்கிற்குப் பிரதி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கசிகிற போர்ட் நெடுநாள் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது.